காலையில் மட்டும் கத்திய கியர்

ஒரு வாகனம் கண்ணுக்குத் தெரியுமுன்பே அதை ஓட்டிவருபவர் எப்படிப்பட்ட ஆள் என்று நான் சொல்லிவிடுவேன். கியர் மாறுகிற சத்தம் போதும். அவசரக்காரரா, பயந்தவரா, வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வருகிறவரா என்பது அதில் வந்துவிடும். நான் படித்தது நாலாம் வகுப்பு மட்டும். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் லொறியில்தான். கிளீனராக ஏறினேன், சாரதியானேன், பிறகு கொடிகாமச் சந்தையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிய லொறிகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். என் கையில் ஒரு கியரும் ஒருநாளும் கத்தியதில்லை என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். பேசிப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

டீசலுக்கும் பெற்றோலுக்கும் சனம் வரிசையில் நின்ற அந்த வருடம் முடிந்து வந்த மார்கழி அது. விடியற்புறம் போர்வைக்குள் கிடந்தபடி ஒரு சத்தம் கேட்டேன். தகரத்தில் அரத்தை வைத்து இழுத்ததுபோல நீளமாக ஒரு கரகரப்பு. ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகிற இடம். கொஞ்சம் பொறுத்து, ஒழுங்கை வளைகிற முடக்கில் இன்னொரு தரம். இரண்டிலிருந்து மூன்று. எனக்குப் பல் கூசியது.

"ஆரது?" என்றேன்.

"பக்கத்து வளவுப் பிள்ளைதான். பள்ளிக்கூட வான் எடுக்கிறாள்," என்றாள் மனைவி. "இந்தக் கிழமை முழுக்க உப்பிடித்தான். நீங்கள் இண்டைக்குத்தான் முழிச்சிருக்கிறியள்."

பக்கத்து வளவுப் பிள்ளை என்றது அந்த வீட்டு மருமகளை. வான் அவளுடைய கணவனுடையது. தட்டுப்பாடு வந்த வருடம் அவன் கட்டாருக்குப் போய்விட்டான். வான் மாமரத்துக்குக் கீழே சும்மா நின்றது. டீசல் கிடைக்கத் தொடங்கியதும் இவள் சாரதிப் பத்திரம் எடுத்துத் தானே ஓடத் தொடங்கினாள். எங்கள் ஒழுங்கைகளில் இருந்து உடுவிலில் படிக்கிற பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள், மத்தியானம் கொண்டுவந்து விடுவாள். நான் அவளைப் பிள்ளை என்பேன். அவள் என்னைப் பெரியய்யா என்பாள்.

அவளுடைய மாமனார் என் வயதுக்காரர். அவரும் ஒரு காலத்தில் லொறி ஓடியவர். என்னைவிடக் கொஞ்சம் குறைவாக ஓடியவர். இதை அவருக்கு முன்னால் சொன்னால் அன்றைய நாள் சண்டையிலேயே போகும்.

அன்று காலை ஒழுங்கை முகப்பில் உள்ள தேத்தண்ணிக் கடையில் அவரைப் பிடித்தேன். "என்ன காணும், உன்ரை வான் ஊரையே எழுப்புது," என்றேன்.

"கிளச்சை அரைவாசி மிதிச்சா கியர் பெட்டி கத்தாமல் தேவாரமே பாடும்?" என்றார். "கராச்சுக்குக் கொண்டுபோய் கிளச் பிளேட்டும் மாத்தியாச்சு. ஒயில் மட்டமும் பாத்தவங்கள், நிறைய நிக்குதாம். இனி மாத்த மிச்சம் இருக்கிறது றைவர்தான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அந்தச் சிரிப்பு அடங்குமுன் மற்றதையும் சொன்னார். "தைப்பொங்கல் முடிய ஒரு ஆள் வருது. வானைக் குடுக்கப்போறன். மகனுக்கும் சொல்லிப்போட்டன்."

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இரண்டு மூன்று தாய்மார், பொங்கலோடு பிள்ளைகளை வேறு வானில் விடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பெண் ஓடுகிற வான், காலையில் இப்படிக் கத்துகிறது, எங்கேயாவது கொண்டுபோய் மோதிவிடுவாள் என்று பயம். பிள்ளைகள் இல்லாத வானை வைத்து என்ன செய்வது.

அடுத்தநாள் அவளே எங்கள் படலைக்கு வந்தாள். மனைவி உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. "பெரியய்யா, ஒருக்கா என்னோடை வானிலை வாங்கோ. பிழை என்ரை காலிலை எண்டால் நேரை சொல்லுங்கோ. நான் விட்டிட்டுப் போறன்," என்றாள். பிறகு தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வானை வித்தா நான் பேந்து குசினி அடுப்போடைதான். அது ஒண்டும் புதிசில்லை. ஆனா ஓடத் தெரியாதவள் எண்டு சொல்லி விக்கப்போகினம். அதுதான் விழுங்கேலாமல் கிடக்கு."

உண்மையைச் சொன்னால், பிழை அவள் காலில்தான் என்று நானும் நினைத்தேன். எப்படி மிதிக்க வேண்டும் என்று ஒரு பத்து நிமிடம் சொல்லிவிட்டால் முடிந்துபோகும் என்றுதான் அன்று மத்தியானம் வானில் ஏறினேன்.

மத்தியானம் வான் கத்தவில்லை.

நான் அவளுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிளச் அடிவரை போனது. கை அவசரப்படவில்லை. நடுவில் ஒரு மூச்சு நின்று, பிறகு அடுத்த கியருக்குப் போனது. நான் பார்த்த சாரதிகளில் பாதிப்பேருக்கு அந்த நிதானம் கிடையாது. உடுவில் போய்ப் பிள்ளைகளை ஏற்றித் திரும்பி வருமட்டும் பெட்டி வாய் திறக்கவில்லை.

"நல்லாத்தானே ஓடுறாய்," என்றேன்.

"மத்தியானம் கத்துறேல்லை பெரியய்யா. விடியத்தான்."

"இதை ஏன் முதல் சொல்லேல்லை?"

"சொன்னனான். விடிய சனம் படலையிலை நிண்டு பாக்குது, அந்தப் பயத்திலை கால் நடுங்குது எண்டு மாமா சொல்லுறார்." கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு ஒரு நடுக்கமும் இல்லை. வந்தால் தெரியாதோ?"

காலையில் கத்தும், மத்தியானம் கத்தாது. இரும்புக்கு நேரம் தெரியுமா? வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சோற்றுக்கு முன்னால் இருந்தும் கையால் கியர் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியப் போனேன். வாடைக்காற்று. கோயிலில் திருவெம்பாவை பாடுவது கேட்டது. சங்கு ஊதினார்கள். நான் தலையைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் ஏறினேன். படலை தாண்டி இரண்டாம் கியர் போட்டாள். கத்தியது. காலைப் பார்த்தேன். அடிவரை மிதித்துத்தான் இருந்தாள்.

முதல் பிள்ளைகளை ஏற்றிய பிறகு, "இறங்கு பிள்ளை, நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்," என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருந்தேன். எனக்குப் பழக்கம் வெறுங்கால்தான். ஒன்றைப் போட்டேன், எடுத்தேன், இரண்டைப் போட்டேன். என் கையில் அது கத்தியது. அவள் கையில் கத்தியதைவிடப் பெரிதாகக் கத்தியது. கத்திய இடமும் பார்த்துத்தான் வந்தது. அதிகம் முறைப்பாடு சொல்கிற தாய் தன் வீட்டுப் படலையில் மகளின் பையோடு நின்றார்.

பின் சீற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. "தாத்தாவுக்கும் ஓடத் தெரியாது."

எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கம் வர நேரம் இருக்கவில்லை. என் கவனம் முழுக்கக் கையில் இருந்தது. கிளச் பிழை என்றால் கியர் நுழையும்போது விறைத்துத் தள்ளும், அது எந்த நேரமும் தள்ளும். இது வேறு மாதிரி. ஈரக் களிமண்ணுக்குள் தடியைக் குத்தியதுபோல முதலில் கைப்பிடி மெத்தென்று நின்றது. நான் விடாமல் தள்ளியபோதுதான் கத்திக்கொண்டு உள்ளே விழுந்தது. நாலைந்து வீடு தாண்டியும் அப்படியே இருந்தது. உடுவிலை நெருங்க நெருங்கக் கை இளகியது. பள்ளிக்கூட வாசலில் கியர் மாறியதே தெரியவில்லை.

கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. ஒரு பல்லுச்சக்கரம் வேகமாகச் சுற்றும், மற்றது மெதுவாகச் சுற்றும். இரண்டையும் ஒன்றோடொன்று கோர்க்குமுன், அந்த வளையம் போய் வேகமானதைப் பிடித்துத் தன் வேகத்துக்குக் கொண்டுவரும். பிடித்தால் சத்தமில்லாமல் கோர்த்துக்கொள்ளும். வழுக்கினால் பல்லும் பல்லும் முட்டும். இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. பெட்டியைப் பிரித்து மடியில் வைத்துப் பார்த்து அறிந்தது. ஆகவே வளையம் வழுக்குகிறது என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது. தேய்ந்த வளையம் மத்தியானமும் வழுக்க வேண்டுமே. காலையில் வழுக்குகிற வளையம் மத்தியானம் ஏன் பிடிக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை இன்னொன்று நடந்தது. மாமியார் சன்னதி முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று கேட்டதால், அவள் இருட்டோடு தொண்டைமானாற்றுக்கு வான் எடுத்துப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, அப்படியே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போனாள். அன்று காலை சத்தமே இல்லை. நான் படலையில் நின்று கேட்டேன். மாமனாரும் தன் படலையில் நின்று கேட்டார்.

"சன்னதியான் கண் திறந்திட்டான்," என்றார்.

திங்கட்கிழமை மறுபடி கத்தியது. "சன்னதியான் ஒருநாளைக்கு மட்டுமோ பாத்தவன்?" என்று மதிலுக்கு மேலால் கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

முருகனில் எனக்கு நம்பிக்கைக் குறைவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறவன் நான். வெள்ளிக்கிழமை வான் ஏற்கெனவே தொண்டைமானாறு போய்வந்த வான். சூடேறிய வான். மத்தியானமும் வெயிலில் நின்று சூடேறிய வான். உடுவில் வாசலிலும் அதே கதை. குளிர்ந்து கிடந்தால் கத்துகிறது, சூடானால் அடங்குகிறது. இங்கே என்ன பெரிய குளிர்? பனி கொட்டுகிற நாடா இது? மார்கழி விடியலில் துவாய் கட்டுகிற அளவுக் குளிர், அவ்வளவுதான். அதற்கு எந்த இரும்பு இறுகும்?

அதற்கு மேல் என் மூளை போகவில்லை. ஒரு காலைப்பொழுது விறாந்தையில் இதையே யோசித்துக்கொண்டு இருந்தேன். மனைவி உள்ளேயிருந்து ஒரு போத்தலைக் கொண்டுவந்து கையில் தந்தாள்.

"இஞ்சாருங்கோ, சும்மாதானே இருக்கிறியள். இதை ஒருக்கா வெயிலிலை பிடியுங்கோ. தலைக்கு வைக்க எடுத்தால் எண்ணெய் உறைஞ்சு போய்க் கிடக்கு."

தேங்காயெண்ணெய்ப் போத்தல். உள்ளே வெள்ளையாகக் கட்டிபட்டு, கவிழ்த்தாலும் அசையாமல் நின்றது. முற்றத்து வெயிலில் பிடித்தேன். ஓரம் முதலில் தெளிந்தது. பிறகு நடுக்கட்டி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. நான் போத்தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்து, அந்தக் கட்டி கண்ணாடியைப் பிடிக்காமல் வழுக்குவதைப் பார்த்தபடி நின்றேன். வெள்ளை முழுவதும் கரைந்த பிறகும் நின்றேன்.

"உங்களிட்டை ஒரு அலுவல் தந்தால் அது விடியப் பொழுதுபடப் போகும்," என்று மனைவி வந்து போத்தலைப் பறித்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வெயில் ஏறுமுன், ஆணி கழற்றுகிற சாவியும் எண்ணெய் பிடிக்க ஒரு பழைய தாச்சியும் எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனேன். அவளை மட்டும் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வானுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்தேன். பெட்டிக்கு அடியில் ஒரு ஆணி இருக்கும். அதைக் கழற்றினால் எண்ணெய் ஒழுகும். கழற்றினேன். ஒன்றும் ஒழுகவில்லை.

"பெட்டியிலை ஒயில் இல்லையோ பெரியய்யா?" என்று குனிந்து கேட்டாள்.

விரலை ஓட்டைக்குள் விட்டேன். குளிர்ந்த வெண்ணெய்போல ஏதோ விரலில் அப்பிக்கொண்டு வந்தது. சாம்பல் நிறம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். கியர் ஒயில் நாற்றம் எப்படியிருக்கும் என்று வாகனம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். இது கொஞ்சம் புளித்த குசினி மணம். அவளிடம் விரலை நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"தேங்காயெண்ணெய்," என்றாள்.

அதற்குள் மாமனார் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்துவிட்டார். "ஆரின்ரை வானை ஆர் கழட்டுறது?" என்றார். பிறகு என் விரலைக் கண்டார்.

"இதை ஆர் விட்டது?" என்றேன்.

"நான் விட்டனான்." கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "தட்டுப்பாட்டு நேரம் சீல் ஒழுகிப் பெட்டி வத்திப்போச்சு. கடையிலை ஒயில் இல்லை. புது சீல் போட்டிட்டு, எங்கடை கொடிகாமத்துக் காணித் தேங்காயிலை செக்கிலை ஆட்டின சுத்த எண்ணெய் விட்டனான். தடைக்காலத்திலை நாங்கள் விடாத எண்ணெயோ? அப்ப ஓடேல்லையோ?"

ஓடியது உண்மைதான். போர் நேரம் எரிபொருளை வரவிடாமல் தடுத்து, மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடிய காலம் அது. கியர் பெட்டிக்கு அகப்பட்டதை விட்டோம். ஆனால் நான் விட்டது ஆமணக்கெண்ணெய். அது எந்த மார்கழிக்கும் உறையாது. அதை அப்போது சொல்ல வாய் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் வானுக்குக் கீழே எட்டத் தொடங்கியிருந்தது. ஓட்டையிலிருந்து ஒரு கட்டி மெதுவாக நீண்டு, அறுந்து, தாச்சியில் சத்தமில்லாமல் விழுந்தது.

"அப்ப இவளின்ரை கால்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. கோப்பையில் மிச்சம் இருந்த தேத்தண்ணியை மாமரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

அவள் வானுக்குப் பக்கத்தில் குந்தினாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். "பெரியய்யா, மாமாவின்ரை பேரை வெளியிலை எடுக்காதேங்கோ. சனம் சிரிக்கும். அவர் தாங்கமாட்டார்," என்றாள்.

"அப்ப சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லவேண்டாம். கத்தாட்டில் காணும்தானே."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்தவற்றில் பெரியது இதுதான். ஒரு போத்தலை வெயிலில் பிடித்து ஒரு கியர் பெட்டியைக் கண்டுபிடித்தவன் இந்தக் குடாநாட்டில் வேறு யார்? அதைச் சொல்லக்கூடாது என்றால் எனக்கு வயிறு ஊதாமல் என்ன செய்யும்.

பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சரியான ஒயில் விட்டோம். திங்கட்கிழமை விடிய நானும் வானில் போனேன். அதே குளிர், அதே சங்கு. கைப்பிடி வெண்ணெய்க்குள் அல்ல, அதன் இடத்துக்குள் போனது. ஒவ்வொரு படலையிலும் தாய்மார் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். முறைப்பாடு சொல்கிற தாய் கிட்ட வந்து, "ஐயா, நல்லாப் பழக்கிப்போட்டியள்," என்றார்.

"நான் பழக்கேல்லை. அவளுக்கு முதலே நல்லா ஓடத் தெரியும்," என்றேன்.

அவர் நம்பவில்லை. யாரும் நம்பவில்லை. நான் ஒரு புகழை வேண்டாம் என்று சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. அதனால், ஐயாவே வேண்டாம் என்கிறார் என்றால் அவர்தான் செய்திருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார்கள். அந்தத் தாய் இன்னும் ஒன்றும் சொன்னார். "நீங்கள் தினமும் கூட வாறியள் எண்டால் பொங்கலுக்குப் பிறகும் பிள்ளையை இதிலையே விடுறம்."

திரும்பி வந்து வளவுக்குள் வானை நிறுத்திய பிறகு அவள் சொன்னாள். "சத்தம் போச்சு. ஆனா எனக்கு ஓடத் தெரியாது எண்டது போகேல்லை. இப்ப நீங்கள் பக்கத்திலை இருந்தாத்தான் ஓடுவன் எண்டு கதை."

அவள் சொன்னது சரி. நான் எத்தனை மார்கழிக்குத் துவாய் கட்டிக்கொண்டு அந்தச் சீற்றில் இருக்கமுடியும்? வாயைத் திறக்காமல் இருப்பேன் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. பொங்கலும் கிட்டிவிட்டது.

பொங்கலுக்கு முந்தின நாட்களில் ஒரு காலை, தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். கடைக்காரரும் மற்றவர்களும் என்னைச் சுற்றி அதே கதையைத்தான் கதைத்தார்கள். கிளச் எது பிறேக் எது என்று தெரியாத பெண்ணை ஒரு கிழமையில் சாரதியாக்கிவிட்டேனாம். நான் இல்லை இல்லை என்றேன். அவர்கள் இன்னும் கூட்டிச் சொன்னார்கள். மூலையில் மாமனார் பேப்பரை விரித்துப் பிடித்தபடி இருந்தார். அது வெகு நேரமாக ஒரே பக்கத்தில் நின்றது.

கடைசியில் பேப்பரை மடித்தார்.

"ஆர் பழக்கினது? உவரோ?" என்றார். "உவர் ஆர் என்ரை மருமகளுக்குப் பழக்க? பெட்டிக்குத் தேங்காயெண்ணெய் விட்டது நான். விடியக் குளிரிலை அது உறைஞ்சு போய்க் கியர் விழேல்லை. அந்தப் பெட்டியோடை அவள் இவ்வளவு நாளும் உந்த ஒழுங்கையளுக்குள்ளை பிள்ளையளை ஏத்தி இறக்கினவள். ஒரு மதிலிலையும் முட்டேல்லை. உவர் ஏறி ரெண்டாம் கியரிலையே பெட்டியைக் கத்தவிட்டவர். பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ."

பிறகு கடைக்காரர் கோப்பையைத் துடைத்தபடி மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அண்ணை, கடுகு கறிவேப்பிலை போட்டுத் தாளிச்சோ விட்டனியள், சும்மாவோ?"

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் கதை எல்லா ஒழுங்கையும் போய்விட்டது. அடுத்த காலை நான் வானில் ஏறவில்லை. முறைப்பாட்டுத் தாய் படலையில் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, "தேங்காயெண்ணெயோடையோ பிள்ளை இவ்வளவு நாளும் ஓடினனீர்?" என்று கேட்டாராம். இவள் ஓம் என்றாளாம். அவர் மகளைத் தானே ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாராம்.

பொங்கல் முடிய, வான் வாங்க வருவதாகச் சொன்ன ஆள் வந்தார். மாமனார் படலையைத் திறக்கவில்லை. "விக்கிறேல்லை. ஓட ஆள் இருக்கு," என்று மட்டும் சொன்னது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆள் போன பிறகு நான் மெதுவாகச் சொன்னேன்.

"ஆமணக்கெண்ணெய் விட்டிருந்தால் உந்தக் கரைச்சல் ஒண்டும் வந்திராது."

"எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு தேங்காயெண்ணெய் மணக்க ஏன் இவ்வளவு நாள் எடுத்தது?" என்றார்.

கராச்சில் எண்ணெய் மட்டம் பார்த்தவர்களின் மூக்குக்கும் ஏன் அது எட்டவில்லை என்று யோசித்திருக்கிறேன். அவர்கள் பார்த்தது மத்தியானம். கை முழுக்க வேறு ஒயில். அப்படித்தான் இருக்கவேண்டும்.

இந்த மார்கழியிலும் விடியப் போர்வைக்குள் கிடந்து காது கொடுக்கிறேன். மாமரத்தடியில் எஞ்சின் பிடிப்பது கேட்கும். பிறகு படலை. அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு எந்த இடத்தில் மாறுகிறது என்று பிடிக்கப் பார்ப்பேன். இன்றுவரை பிடிபடவில்லை. வான் முடக்குத் தாண்டிப் போய்விட்டிருக்கும்.